வல்லாரைப் பாத்தி

முதல் அறிகுறி பஸ்ஸில் வந்தது. புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மனோர் பார்க்கில், இருபது வருடமாக இறங்கும் தரிப்பிடத்தில் இறங்க மறந்தேன். மனைவி வதனியிடம், சாரதி வேறு வழியால் போனதாகப் பொய் சொன்னேன்.

பிறகு வயிற்றுக்குத்து, வாயில் தகரச் சுவை. வதனி மலிவு எண்ணெய் வாங்குகிறாளோ என்று போத்தலை மணந்து பார்த்தேன்.

மறதிக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே மருந்துதான்: பச்சை வல்லாரைக் கீரையைத் தேங்காய்ப்பூவோடு பிசைந்த சம்பல். வீட்டுப் பின்வளவில் பொலித்தீன் கூடாரம் போட்டு ஏற்கெனவே நானே வளர்த்துச் சாப்பிட்டு வந்தேன். மறதி கூடக் கூடச் சம்பலும் கூடியது. வதனிக்கு அந்தக் கைப்பே ஆகாது. பக்கத்துப் பிளேஸ்டோவில் இருக்கும் மகள் அபி ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி. பிள்ளைக்கு மூளை வளரட்டும் என்று அவளுக்கும் கிழமைதோறும் ஒரு பை கொடுத்தேன்.

இரத்தப் பரிசோதனை முடிந்து மருத்துவர் அழைத்தார். மலேசியத் தமிழர். ஈய நஞ்சேற்றம் (ஈயம் உடலில் சேர்ந்து இரத்தத்தையும் நரம்புகளையும் கெடுப்பது) என்றார்.

"அங்கிள், பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும். வீட்ல ஏதாச்சும் சுரண்டினீங்களா?"

பொலிஸ்காரன் கேட்பதுபோல் இருந்தது. கவுன்சிலுக்கு, அதாவது நகரசபைக்குச் சொல்லித் தண்டம் கட்டவைப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். வதனி விடவில்லை.

"ஓம் டொக்டர். ஜன்னலெல்லாம் இவர்தான் சுரண்டினவர். தூளை வல்லாரைப் பாத்திக்கை போட்டு மூடினவர். மண் தின்னுமெண்டு சொன்னவர்."

மண் தின்னவில்லை. இலையிலும் அதில் ஒட்டிய மண்ணிலுமாக எனக்கே திருப்பித் தந்திருக்கிறது.

"வேற யார் அந்தக் கீரைய சாப்பிட்டாங்க?"

மகளைச் சொன்னேன். ஈயம் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும் என்றார். வெளியே வந்து, நடைவழியிலிருந்தே அபியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"கோவிக்காதேங்கோ அப்பா. நான் அதை ஒருநாளும் சாப்பிடேல்லை. குப்பைக்கை போட்டனான்."

கிழமைதோறும் "நல்ல ருசி அப்பா" என்றவள். அவளுடைய பரிசோதனை முடிவு வரும்வரை நான் நம்பவில்லை. இரத்தத்தில் பிழையில்லை என்று தெரிந்தபோது விம்மி அழுதேன். எல்லாரையும் சந்தேகித்த மனுசனை உண்மையாகவே ஏமாற்றியவள் அவள் ஒருத்திதான்.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் வளவு மண்ணைச் சோதியுங்கள். வீட்டு ஆட்களைப் பிறகு சந்தேகிக்கலாம்.

மருந்து (ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றுவது) என் இரத்தத்தைத் தேற்றியது. எலும்பில் தங்கியது வருடக்கணக்கில், மெல்லத்தான் போகுமாம். "எத்தனை வருசம்?" என்றேன். மருத்துவர் கோப்பில் என் வயதைப் பார்த்துவிட்டு அடுத்த பரிசோதனைக்கு நாள் குறித்தார். எனக்கு முன்னால் அது போகப்போவதில்லை என்று விளங்கியது.

இப்போது பேத்தியைத் தூக்குமுன் இரண்டு முறை கை கழுவுகிறேன். தொடுவதால் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவரை நம்புகிறேன். என் எலும்பைத்தான் நம்பவில்லை.