சுருதி சேர்ந்த எட்டு ரூபாய்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு குஜராத்தி சேட்டின் வெள்ளிக்கடையில் எனக்கு வேலை கிடைத்தது. கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். அவர்களோடு பேச சேட்டுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. தாராவியிலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதால் எனக்கும் வசதி.

அப்போது அடித்து வந்த புது ரூபாயில் வெள்ளி பாதிதான். விவரம் தெரிந்தவர்கள் விக்டோரியா ராணி தலை போட்ட பழைய ரூபாயைத் தேடி வாங்கி வைத்தார்கள். அதைக் கொடுத்து அரிசி வாங்க முடியாது. சர்க்கார் செல்லாதென்று சொல்லிவிட்டது. ஆனால் உருக்கினால் நல்ல வெள்ளி. தேய்மானம் பார், காசுமாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தடம் பார், ஒரு தோலா எடை நிற்கிறதா பார் என்று சேட் எனக்குப் பழக்கியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பரமேஸ்வர ஐயர் மனைவியோடு வந்தார். ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க். மகள் கல்யாணத்துக்கென்று மாமி நாலு வருஷமாக மிச்சம் பிடித்த பணம் அவர் பையில் இருந்தது.

அன்று காலை வாங்கிய ராணி ரூபாய்ப் பையை அவர்முன் கொட்டினேன். ஐயர் ஒன்றை எடுத்துக் கல்மேல் சுண்டினார். கண்ணை மூடிக் கேட்டார்.

“சுருதி சேரலை. அடுத்தது.”

இப்படியே நாற்பது ரூபாயைத் தள்ளினார். எல்லாம் அசல் வெள்ளி. சேட் மாதுங்காவில் பொறுக்கிய தமிழில் கெஞ்சினார். “சுருதி எதுக்கு சாப்? சாந்தி பாருங்கோ, சாந்தி!”

இந்தியில் வெள்ளிக்குச் சாந்தி என்று பெயர். ஐயர் கண்ணைத் திறக்காமலே, “மனசிலே சாந்திக்கு எனக்குக் குறைச்சலே இல்லை, சேட்ஜி. வெள்ளிதான் இல்லை” என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் முகம் மலர்ந்தது. எட்டு ரூபாய் தேறியிருந்தன. ஒவ்வொன்றாகச் சுண்டினார். எட்டும் ஒரே குரலில் பாடின. “பாரும் ஓய், இம்மி பிசகலை! இதே மாதிரி எத்தனை இருந்தாலும் எடும்.”

எனக்குச் சந்தேகம் தட்டியது. பல கை மாறித் தேய்ந்த காசு எட்டு எப்படி ஒரே மாதிரி ஒலிக்கும்? திருப்பிப் பார்த்தேன். எட்டிலும் ராணியின் காதுக்குக் கீழே ஒரே இடத்தில் ஒரே கீறல். ஒரே அச்சில் வார்த்த கள்ளக் காசு. பையை மொத்தமாக நிறுத்து வாங்கியதில் சேட் ஏமாந்திருந்தார்.

உண்மையைச் சொன்னால் கடை மானம் போகும், என் வேலையும் போகலாம்.

“சார், இந்த எட்டும் உங்களுக்கு வேண்டாம். நான் சொல்லுதேன்லா.”

“ஏன்? நல்லதையெல்லாம் நீர் அமுக்கலாம்னு பார்க்கறீரா? காசுக்கு ஓரணா கூடத் தரேன்!”

ஓரணா என்றதும் சேட் என்னை முறைத்தார். “தூ சுப் ரஹ்!”

நான் வாயை மூடிக்கொண்டேன். கை மட்டும் தராசை எடுத்தது. ஒரு தட்டில் ஐயர் தேர்ந்த எட்டு. மறுதட்டில் அவர் தள்ளியதில் எட்டு. ஐயருடைய தட்டு விர்ரென்று மேலே போய் நின்றது.

சேட் ஒன்றை அரத்தால் ராவினார். உள்ளே மஞ்சள் தெரிந்தது. வெள்ளி முலாம் பூசிய வெண்கலம். மணி வார்க்கிற உலோகம்.

ஐயர் தொண்டையைச் செருமினார். “அதானே பார்த்தேன்! வெள்ளிக்கு ஏது இவ்வளவு நல்ல நாதம்?”

மாமி அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார். “கச்சேரி முடிஞ்சுதோன்னோ? அந்த நாப்பதையும் நிறுத்துக் குடுங்கோ.”

அவர்கள் போனபின் சேட் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எட்டையும் துணியில் முடிந்துகொண்டு, விற்றவனைத் தேடி ஓடினார். அவன் அகப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கடைக்குள் வருகிற ஒவ்வொரு காசையும் தனித்தனியாக நிறுக்கும் வேலை எனக்கு வந்தது. குறை தெரிகிற காசை எல்லோருமே சோதிப்பார்கள். குறையே இல்லாததைத்தான் முதலில் தராசில் வைக்க வேண்டும். இது நான் அன்று படித்த பாடம்.

அடுத்த மாதம் மாமி தனியாக வந்தார். வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

“அவர் பாட்டு கேக்கப் போயிருக்கார். வரதுக்குள்ளே சட்டுனு ஒரு இருபது நிறுத்துக் குடுங்கோ!”