எல்லோருக்கும் சொந்தமான சுவர்

உள்ளறையில் கொத்தனாரின் கரண்டி செங்கல்லைச் சுரண்டும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சுரண்டலுக்கும் கூடத்து மேசையில் பல்லக்காவின் கை நின்று போனது. மெழுகில் பதித்துக்கொண்டிருந்த முன்பல் வரிசை கோணிவிட்டது. இடித்த இடத்தில் புதுச் சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது. அதற்கு அப்பால் கட்டிலின் தலையணை இன்னும் தெரிந்தது.

"பக்கத்துச் சுவருல ஒரு கோடு போட்டிருக்கேன், பாத்தீங்களா தம்பி?"

"ரோஸ் கலர் மெழுகுதானே? பாத்தேன்க்கா. அதுக்கு மேல ஒரு ஜன்னல் அளவு விட்டுடறேன். ஆனா பிளான்ல அப்படி இல்லையே."

"நான் சொல்லிக்கறேன்."

பல்லக்கா என்பது குடியிருப்பு வைத்த பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுக்கு ஏற்றபடி பல்செட் செய்வது அவள் தொழில். அந்தக் கட்டடத்தில் பாதிப் பேரின் சிரிப்பு அவள் கைவேலை. இந்தச் சுவர் வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் மாட்டியிருந்ததும் அவள் செய்த செட்தான். "என் பல்லாலயே என்னைக் கடிச்சுட்டாரு" என்று நீதிமன்ற வாசலில் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு அவளால் சிரிக்க முடிந்தது. மகள் அப்போது உயிரோடு இருந்தாள்.

நோய் முற்றி நடக்க முடியாமல் போனபோது, "நீ வேலை செய்யறதப் பாத்துக்கிட்டே படுத்திருக்கணும்மா" என்றாள் மகள். அவ்வளவுதான், கணவர் ஆளைக் கூட்டி வந்து அறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தன் வீட்டுக்குள் இருக்கும் சுவருக்கு யாரைப் போய்க் கேட்பது? அது மேல்மாடிகளின் பாரத்தைத் தாங்குகிற சுவர் என்பதும், அப்படிப்பட்ட சுவர் கட்டடத்தின் உரிமையாளர்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்து என்பதும், நேர்மேல் வீட்டு டீச்சரின் தரையில் விரிசல் விட்ட பிறகுதான் தெரிந்தது. டீச்சர் உரிமையாளர் சங்கத்தின் செயலாளர். இரும்புத் தூண் முட்டுக் கொடுத்தும் அவர் விடவில்லை. வழக்குப் போட்டார்.

தீர்ப்பு வருவதற்குள் மகள் போய்விட்டாள். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அண்ணன் வீட்டுக்குப் போன கணவர் திரும்பவில்லை. பல்லக்கா மட்டும் அசையவில்லை. இப்போதும் மத்தியான வேளையில் அவள் தலை நிமிர்ந்தால், மகள் தலையணையில் சாய்ந்து இவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேசமாட்டாள். பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகத்தான் அவள் உயிர் வாழ்ந்தாள். இதை எந்த நீதிபதியிடம் சொல்வது? சுவரைப் பழையபடி கட்டித் தரச் சொல்லித் தீர்ப்பாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் சுவர் எழுந்து நின்றது, நடுவே ஒரு சதுரத் திறப்போடு. சரிபார்க்க வந்த டீச்சர் அதைத்தான் முதலில் பார்த்தார்.

"இது என்ன ஓட்டை?"

"ஜன்னல் டீச்சர்."

"அறைக்கும் கூடத்துக்கும் நடுவுல ஜன்னலா? ரயில்வே டிக்கெட் கவுன்டரா இது? அடைக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"உங்க விரிசல அடச்சாச்சு. முட்டும் கொடுத்தாச்சு. இத மட்டும் விட்டுடுங்க டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டீச்சர் திறப்பு வழியே கட்டிலைப் பார்த்தார். அவர் முகத்தின் கண்டிப்பு மெல்லக் கரைந்தது.

"விரிசலுக்காக நான் கோர்ட்டுக்குப் போகலம்மா. சுவர இடிச்சதுலேர்ந்து உங்க பொண்ணு கூப்பிடறது என் ரூம்ல கேக்க ஆரம்பிச்சுது. வயசுப் பொண்ணு வேதனைப்படறத என்னால தாங்க முடியல. சுவர் வந்தா அந்தச் சத்தம் நிக்கும்னு நினைச்சேன்."

"அவ போயிட்டாளே டீச்சர்."

"தெரியும். இன்னும் கேக்குது. நேத்துக்கூடக் கேட்டுச்சு."

கொத்தனார் கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தார்.

பல்லக்கா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சொல்றா?"

"அம்மான்னு கூப்பிடுது. பக்கத்துல வான்னு சொல்லுது."

"எனக்கு ஒரு நாளும் கேக்கலையே." அவள் நாற்காலியில் சரிந்தாள். கண்ணீர் வரவில்லை. "இங்கேர்ந்தே பாத்துக்கிட்டிருந்தா போதும்னு இருந்துட்டேன். அது பக்கத்துல கூப்பிட்டிருக்கு."

பல்லக்கா எழுந்து பல் வரிசையும் மெழுகும் இருந்த தட்டை எடுத்துக்கொண்டாள்.

"தம்பி, அத அடச்சுடுங்க."

"அக்கா, நிஜமாவா? நேத்துதானே..."

"அடச்சுடுங்க. இனிமே எனக்கு உள்ளதான் வேலை."

அவள் அறைக்குள் போய்க் கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள். கொத்தனார் தயங்கித் தயங்கிக் கல் வைத்தார். திறப்பு சுருங்கச் சுருங்க, தலையணைப் பக்கம் குனிந்த அவள் தலை மட்டும் டீச்சருக்குத் தெரிந்தது. கடைசிக் கல்லில் அதுவும் மறைந்தது.

"நான் வரேம்மா" என்றார் டீச்சர், வாசலில் நின்று.

உள்ளிருந்து பதில் வந்தது. அது அவருக்குச் சொன்னதல்ல.

"இதோ, பக்கத்துலதான் இருக்கேன் கண்ணு."

டீச்சர் வெளியே வந்து, சத்தம் எழாமல் கதவைச் சாத்தினார்.