தெய்வாக்காவுக்காக வந்த போன்

மூத்த பேத்தி கல்லூரி ஹாக்கி அணிக்குத் தலைவி ஆகிவிட்டாள். பேரன் பல் டாக்டர் படிப்பில் மூன்றாம் வருடத்தை ஒரு பாடமும் விடாமல் தாண்டிவிட்டான். நடுப்பேத்தி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, முதல் மாதமே மேலதிகாரியிடம் பாராட்டு வாங்கினாள். கடைக்குட்டிக்குப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய பெண் எழுதி வைத்துப் படித்தாளாம். எங்கள் பிள்ளை மனப்பாடமாகச் சொன்னாள். இதையெல்லாம் நம் மில் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காக அன்று சாயங்காலம் ஒரே விரலால் எழுதிக்கொண்டிருந்தேன். அனுப்புவதற்குள் உடுமலைப்பேட்டையிலிருந்து தெய்வாக்காவின் மகள் மல்லிகா கூப்பிட்டாள்.

“சித்தி, அம்மா போயிட்டாங்க சித்தி. கோயமுத்தூர் பஸ்ல வாரப்ப நெஞ்சு வலிங்களாமா. கிணத்துக்கடவுல எறக்கி ஆம்புலன்ஸ்ல ஏத்தியுட்டிருக்காங்க. பக்கத்துல ஒருத்தருமே இல்லைங்க சித்தி.”

பஸ் என்று அவள் சொன்னதுமே, எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டேன். ஏன் என்று மல்லிகாவுக்கு அப்போது தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

பதினாறாம் நாள் முடிந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் தெய்வாத்தாள் அக்காவைப் பற்றி எழுதினீர்கள். பாதிப்பேர் அந்தக் கண்டக்டரைத் திட்டியிருக்கிறீர்கள். வயதான பொம்பளையை ஆம்புலன்ஸில் தள்ளிவிட்டுப் போனானே, சொந்தக்காரருக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா, அவன் வீட்டில் தாய் இல்லையா என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அவர் போன் செய்தார். எனக்குத்தான் செய்தார். நான்தான் துண்டித்தேன். இதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதவும் எனக்கு யோக்கியதை இல்லை.

எப்படி அப்படிச் செய்தேன் என்று புரிய வேண்டுமானால், அக்கா என்னை எப்படிப் பழக்கி வைத்திருந்தாள் என்று சொல்ல வேண்டும்.

மில்லை விட்டு வந்தபிறகும் நானும் அவளும் மதுக்கரையில் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தோம். தினமும் நாலு மணிக்கு அவள் டிவியில் பார்த்த காமெடியைச் சொல்ல வருவாள். எல்லாம் பழசு. அதிலும் ஒன்று இருக்கிறது, நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் இருந்த எல்லோரும் கேட்டுச் சலித்தது. ஒருத்தன் ஆட்டை இழுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறான். ஆட்டுக்கும் டிக்கெட் எடு என்கிறார் கண்டக்டர். “எடுக்கறனுங்க. ஆனா அதுக்கு ஜன்னல் சீட்டுக் குடுத்துருங்க, மலை ஏறினா அதுக்கு வாந்தி வரும்” என்கிறான் அவன்.

“அம்மணி, புதுசா ஒண்ணு கேளு. ஒருத்தன் ஆட்டப் புடிச்சுட்டு பஸ் ஏறுனானாமா...”

“அக்கா, இத நம்ம மில்லுல இருக்கறப்பவே சொல்லிப்போட்டீங்க.”

“அப்ப நீ செரியாச் சிரிக்கல. மிசின் சத்தத்துல எனக்குக் கேக்கவே இல்ல. இப்பச் சிரி.”

முடிப்பதற்குள் அவளே சிரித்துவிடுவாள். அவள் சிரிப்பதைப் பார்த்துத்தான் நான் சிரிப்பேன்.

பஸ் என்றால் அவளுக்கு ஏதாவது கூத்துதான். பவானி கூடுதுறைக்கு நாங்கள் போன கதை உங்களில் சிலருக்குத் தெரியும். திரும்பும்போது ஒரே கூட்டம். சீட்டுப் பிடிப்பதற்காக அக்கா ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பையை எறிந்தாள். நாங்கள் படியேறுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அது நம் ஊருக்கு வராத அந்தியூர் பஸ். பைக்குள் அவள் கண்ணாடி, என் மாத்திரை, ஈரப் புடவை இரண்டு. நான் அழுதேவிட்டேன். “அளுவாத கண்ணு, பைக்கு ஜன்னல் சீட்டுக் கெடச்சிருச்சு, சொகமாப் போவுது” என்றாள். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அதே பஸ் திரும்பி வந்தபோது கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அக்கா ஊருக்குக் கிளம்பினாள்.

போன் விஷயம் அதற்குப் பிறகு வந்தது. ஒரு நாள் காலையில் எனக்கு ஒரு அழைப்பு. ஒரு பையன் தேம்பித் தேம்பி அழுகிறான். “பாட்டி, நாந்தான். என்னைப் போலீஸ் புடிச்சுட்டாங்க பாட்டி.” என் பேரன்தான் என்று நினைத்து, செருப்புப் போடாமல் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் போனைப் பிடுங்கினாள்.

“ஏஞ்சாமி, எந்த ஊரு ஸ்டேசனு? செரி, அளுவாத. உன்ற பாட்டிய நீ எப்பவும் எப்படிக் கூப்புடுவே, அப்படி ஒருக்காக் கூப்புடு பார்க்கலாம்.”

“பாட்டின்னுதான்...”

“எங்க பையன் பொறந்ததுல இருந்து அம்மாயின்னுதாண்டா கூப்புடறான். போனை வெய்யிடா களவாணி!”

அன்றைக்கே அக்கா ஒரு ஏற்பாடு செய்தாள். இனிமேல் யார் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும், “ஆட்டுக்கு எந்த சீட்டு?” என்று கேட்க வேண்டும். “ஜன்னல் சீட்டு” என்று பதில் வந்தால் நம் ஆள். வராவிட்டால் யோசிக்காமல் வைத்துவிட வேண்டும். “எவ்வளவு அளுதாலும் நம்பாத. அளுவுறதுதான் அவுங்க பொளப்பே” என்று சொல்லிக் கொடுத்தாள். என் பேரன் பேத்திகள் எல்லோருக்கும் அந்தக் காமெடியைச் சொல்லிப் பாடமாக்கினேன்.

அக்கா மகள் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அந்தக் கடைசி நாள், மதியம் ஒன்றரை மணி இருக்கும். தெரியாத நம்பர்.

“அம்மா, ருக்மணிங்களா? நான் பஸ் கண்டக்டர் பேசறனுங்க. தெய்வாத்தாள்னு ஒரு அம்மா மயங்கிட்டாங்க. அவங்க போன்ல சார்ஜ் இல்லைங்க. பையில ஒரு துண்டுச் சீட்டுல உங்க நம்பர் இருந்துச்சு. ஆம்புலன்ஸ் வருது, கூட ஆள் வேணுமுங்க.”

கண்டக்டர், மயக்கம், சார்ஜ் இல்லை, அவசரம். அக்கா எனக்குச் சொல்லி வைத்த எல்லாமே அதில் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை கூட வந்தது.

“செரிங்க. ஆட்டுக்கு எந்த சீட்டுங்க?” என்றேன்.

“என்னங்கம்மா?”

“ஆட்டுக்கு எந்த சீட்டுன்னு கேட்டேன்.”

“அம்மா, பஸ்ல ஆடெல்லாம் இல்லைங்க. அந்தம்மாதான் இருக்காங்க. கொஞ்சம் நல்லாக் கேளுங்க...”

வைத்துவிட்டேன். மறுபடி வந்தது. வைத்துவிட்டேன். மூன்றாம் முறை வந்தபோது அந்த நம்பரே வராதபடி அடைத்துவிட்டேன். நாலு மணிக்கு அக்கா வந்ததும் இதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்து நானே சிரித்தேன். நாலு மணி தாண்டியும் அவள் வரவில்லை. பஸ் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டு, பிள்ளைகளின் வெற்றியை எழுத உட்கார்ந்தேன்.

முந்தாநாள் நடுப்பேத்தி ஊருக்கு வந்தபோது அந்த நம்பரைத் திறந்து தரச் சொல்லி, நானே கூப்பிட்டேன். அவர் கோபப்படவில்லை. அரைமணி நேரம் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தாராம். பயணிகள் எல்லோரும் சத்தம் போட்டார்களாம். நான் ஆடு என்று கேட்டதை அக்காவிடம் சொன்னாராம்.

“கண்ணத் தொறக்கலைங்கம்மா. ஒதடு மட்டும் அசைஞ்சுது. சிரிச்சாங்களா, வலியில அப்படிப் பண்ணாங்களான்னு எனக்குத் தெரியலைங்க” என்றார்.

எனக்கும் தெரியவில்லை. சிரித்தாள் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். அப்படி நினைத்தால் என் குற்றத்துக்கு நானே மருந்து போட்டுக்கொள்வது போல இருக்கிறது.

நேற்று மல்லிகாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு “வெச்சரட்டுங்களா சித்தி” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். இன்று நான் இரண்டு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நான் துண்டித்தது மூன்று முறை. அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் அந்தக் கண்டக்டரைத் திட்டி எழுதியதை மட்டும் அழித்துவிடுங்கள். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் டிவி ஓடுகிறது. காமெடி வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். பக்கத்தில் அவள் இல்லாமல் எந்த இடத்தில் சிரிப்பது என்று எனக்குத் தெரிவதில்லை. தெரியாத நம்பர் வந்தால் இப்போது எடுக்கிறேன். லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம் கூட, வேண்டாம் சாமி, யாருக்காவது உடம்பு சரியில்லையா, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாயா என்று கேட்கிறேன். அவள்தான் போனை வைக்கிறாள். அக்காவிடமிருந்து எனக்கு என்று மிஞ்சியது அவள் கொடுத்த தைரியம். பேரன் என்று ஒருவன் அழுத நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பேசினாள். அந்தப் பிடி இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதி முடித்தேன்.

மல்லிகா, அம்மா போனில் இந்தக் குழுவைப் பார்க்கிற நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நீ குழுவில் போட்டிருப்பது அம்மா ரேஷன் கார்டுக்கு எடுத்த படம். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, யாரோ மிரட்டி உட்கார வைத்த மாதிரி இருக்கிறாள். என்னிடம் அவள் படம் ஒன்று கூட இல்லை. தினமும் வருகிறவளை யார் படம் எடுத்து வைப்பார்கள்? உன் கல்யாணத்திலோ, குழந்தைக்குக் காது குத்தியபோதோ, அவள் வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்று உன்னிடம் இருக்கும். என்னோடு பேச வேண்டாம் கண்ணு. அந்தப் படத்தை மட்டும் போடு.