பதினான்கு வருட வேலைக்குத் தேதி

ஐரோப்பாவில் யாரோ ஒருவருக்கு விதிப்புத்தகம் பிடிக்காமல் போனால், கொல்லிமலையில் எனக்குத் தூக்கம் போய்விடும். 2003இல் அப்படித்தான் ஆனது.

வளைகுடா நாட்டு ஹேங்கர் ஒன்றில் விமானம் பழுதுபார்ப்பது என் வேலை. வந்துபோகும் விமானங்களில் பாதி ஐரோப்பியக் கம்பெனிகளுடையவை என்பதால் அவர்கள் விதிதான் எங்களுக்கும். தொண்ணூற்றெட்டில் விதி மாறிவிட்டது என்று சொல்லி, முப்பத்தைந்து வயதில் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பரீட்சை எழுதவைத்தார்கள். எழுதித் தேறினேன். மை காய்வதற்குள் மறுபடியும் மாற்றிவிட்டார்கள். புது லைசென்ஸ் வேண்டுமென்றால் இதுவரை செய்த வேலைக்கு ஆதாரம் காட்ட வேண்டுமாம். எந்த விமானம், எந்தத் தேதி, என்ன வேலை. காட்டாவிட்டால், இந்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமை போய்விடும். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் கையெழுத்துப் போட, நான் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எங்களில் எவனும் தனக்கென்று குறிப்பு வைத்துக்கொண்டதில்லை. வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் எழுதி ஆபீசில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அந்தக் கார்டுகள் தேதிவாரியாகக் கட்டிக் கிடந்தன. தேதியைச் சொன்னால் எடுத்துத் தருவதாகச் சொன்னார் ரெக்கார்டு அறைக்காரர். தேதிக்கு நான் எங்கே போவேன்? விமானங்களின் வால் எண்கள்தான் ஞாபகம் இருந்தன.

அந்தக் கவலையோடுதான் இரண்டு மாத லீவில் மலைக்கு வந்தேன். மனைவி பேளுக்குறிச்சிக்காரி, மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மகள் நாமக்கல்லில் ஹாஸ்டலில் இருந்தாள். காலையில் மனைவி டியூட்டிக்குப் போய்விட்டால் குவார்ட்டர்சில் நானும் ஒரு வெற்று நோட்டும்தான். ஜன்னல் வழியாக மேகம் வந்து போர்வையை ஈரமாக்கிவிட்டுப் போகும். பேச ஆளில்லை. டீக்கடைக்காரரிடம் ஒருநாள் புலம்பித் தீர்த்தேன்.

"ஏனுங்க, பிளேனு நல்லாத்தானுங்க பறக்குது? அப்பறம் எதுக்குங்க மாத்தறாங்க?" என்றார்.

அதைத்தானே நானும் கேட்கிறேன். பதில் சொல்ல வேண்டியவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள்.

குத்துமதிப்பாகத் தேதிகளைப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பார்க்காத ஆணிக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை, கை வரவில்லை.

ஒரு சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தவள், காலியாகவே கிடந்த நோட்டைப் பார்த்தாள். பீரோ மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கி என் முன்னால் வைத்தாள்.

"நீங்க போட்ட லெட்டருங்க. எல்லாத்துலயும் தேதி இருக்குது."

பதினான்கு வருடக் கடிதங்கள். 'இன்று மூக்குச் சக்கரம் மாற்றினோம்', 'நேற்று இடது இன்ஜினைக் கழற்றினோம்' என்று வால் எண் உட்பட எழுதியிருந்தேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. விசில் அடித்துக்கொண்டே நோட்டில் ஏற்றினேன். மகள் பிறந்த மாதத்துக் கடிதம் வந்தபோதுதான் விசில் நின்றது.

'குழந்தை பிறந்த தந்தி கிடைத்தது. மகிழ்ச்சி. இங்கே ஒரு ஹைட்ராலிக் பம்பில் கசிவு.' அப்புறம் இரண்டு பக்கமும் பம்புதான்.

மிச்சக் கடிதங்களில் வேறொன்றைத் தேடினேன். கைக்குழந்தையோடு அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து அத்தனை வளைவுகளையும் பஸ்ஸில் ஏறி வருகிறாயே, எப்படிச் சமாளிக்கிறாய் என்று ஒரு வரி. எதிலும் இல்லை. வெட்கமாக இருந்தது. அவள் சமையலறையில்தான் இருந்தாள். மறுபடியும் பேனாவை எடுத்தேன்.

அந்தப் பம்ப் வேலையையும் தேதியோடு நோட்டில் ஏற்றினேன். லைசென்ஸ் வேண்டுமே.

திரும்பக் கிளம்பிய அன்று பஸ் நிற்குமிடம் வரை கூட வந்தாள்.

"இனிமே லெட்டர்ல வேலையப் பத்தி எழுத வேண்டாமுங்க. அதுக்குத்தான் இப்ப நோட்டு இருக்குதுங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

தேதிகளைக் கொடுத்தேன், கார்டுகள் கிடைத்தன, சில மாதங்களில் புது லைசென்ஸும் வந்தது. அன்றைக்கே அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். தேதி போட்டேன். நலம், நலமறிய ஆவல் என்று எழுதினேன். லைசென்ஸ் வந்ததை எழுதலாமென்றால் அதுவும் வேலைதான். அதற்கு மேல் அவளுக்கு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.