மாஸ்டரின் வலது கால்

இந்த நகரத்தில் இன்று ஒழுங்காகக் கார் ஓட்டிக்கொண்டிருக்கும் பெரிய மனிதர்கள் பலர் ஒரே ஒருவருடைய வலது கால் புண்ணியத்தில் உயிரோடிருப்பவர்கள். வங்கி மேலாளர், பல் டாக்டர், பள்ளித் தலைமையாசிரியை என்று எல்லாருமே ஒரு காலத்தில் நடுச்சாலையில் கண்களை இறுக மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைக் கைவிட்டவர்கள்தாம். அப்போதெல்லாம் வண்டியை நிறுத்தியது மாஸ்டரின் கால். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பேச்சுக்கு முன்னால் கால் போய்விட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் வேதம்.

அந்தக் காலுக்கு ஓய்வு என்பது கிடையாது. பஸ்ஸில் போனாலும் அழுத்தும். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவிலிருந்தபடியே அழுத்தும். ஓடும் வண்டியில் மாஸ்டர் கண்ணயர்ந்து யாரும் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போன பயணத்தில்கூட எல்லாரும் குறட்டை விட, இவர் மட்டும் டிரைவருக்காகப் பிரேக் போட்டுக்கொண்டே போனாராம்.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. கற்க வருகிறவர் யாராயிருந்தாலும் காருக்குள் "சார்", "மேடம்", வாங்க, போங்க. "சார், எதிர்ல வர்ற லாரிக்கும் நமக்கும் முன்விரோதம் ஒண்ணும் இல்லையே?" என்று அவர் கேட்கும்போது குரலில் ஒரு துளி பதற்றம் இருக்காது.

இந்த மரியாதை கிடைக்காத ஒரே ஜீவன் அவருடைய மனைவி. கல்யாணமான புதிதில் முதல் பாடம். தெருமுனை திரும்புவதற்குள் மாஸ்டர், "ஏய், கண்ணு எங்கடி இருக்கு உனக்கு?" என்று கேட்டுவிட்டார். மாஸ்டரம்மா நடுத்தெருவில் வண்டியை அணைத்தார், சாவியை அவர் மடியில் போட்டார், இறங்கி வீட்டுக்கு நடந்தார். ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்த வீட்டில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

நோய் மிகவும் நாகரிகமாகத்தான் வந்தது. முதலில் முதுகுவலி. பழி கார் சீட்டின் மேல் விழுந்தது. அப்புறம் உடம்பு இளைத்தது. "என்ன மாஸ்டர், ஜிம்முக்குப் போறீங்களா?" என்று தெருவே பாராட்டியது. மாஸ்டரும் மறுக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் சிக்னலில் வண்டியை நிறுத்திய மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. சிக்னலையும் பார்த்தேன், உங்க கண்ணையும் பார்த்தேன். ரெண்டும் ஒரே மஞ்சள்."

"சிக்னலை மட்டும் பாருங்க சார்," என்றார் மாஸ்டர். ஆனால் மாணவர் இறங்கிப் போனதும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். கணையத்தில் புற்றுநோய். கட்டி பித்தக்குழாயை நெரித்ததால்தான் கண் மஞ்சளானது. உள்ளே ஒரு சின்னக் குழாய் வைத்ததும் மஞ்சள் இறங்கியது, ராத்திரியெல்லாம் படுத்திய அரிப்பும் போனது. "ஒரு ஜாண்கூட இருக்காது, என்னமா வேலை செய்யுது பாரு!" என்று மாஸ்டர் அந்தக் குழாயைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் புகழ்ந்தார். கணையத்தின் மேலும் அவருக்குக் கோபமில்லை. இத்தனை வருஷம் வாயே திறக்காமல் வேலை செய்த ஊழியர், திறந்த அன்றே ராஜினாமா கொடுத்துவிட்டார், அவ்வளவுதான் என்றார்.

மச்சான், அதாவது மாஸ்டரம்மாவின் தம்பி, மருத்துவ உலகின் சகல ரகசியங்களையும் செல்போனில் வைத்திருப்பவர். டாக்டர் ஓர் இளம்பெண். அவரை மச்சான் வராந்தாவிலேயே மடக்கினார்.

"டாக்டர், அவர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. என்கிட்ட சொல்லுங்க. நான் தாங்கிப்பேன்."

"நோய் அவருக்கு. எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அவரையே கேட்போம் சார்," என்றார் டாக்டர். இதைக் கேட்டதற்கே மச்சானுக்குத் தலை சுற்றி, நர்ஸ் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

மாஸ்டர் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

"ஸ்டேஜுங்கறது எத்தனை நாள்ங்கற கணக்கு இல்ல சார்," என்று டாக்டர் தாளில் படம் வரைந்து காட்டினார். "எங்க வரைக்கும் போயிருக்குங்கற கணக்கு. கணையத்துல ஆரம்பிச்சது கல்லீரலுக்கும் போயிருக்கு. அதனால நாலாவது ஸ்டேஜ். அறுத்து எடுத்தா தீர்ற நிலைமை தாண்டிடுச்சு."

"மொத்தம் எத்தனை ஸ்டேஜ் டாக்டர்?" என்று கேட்டார் மாஸ்டரம்மா.

"நாலுதாம்மா."

டாக்டர் வரைந்த தாளை மாஸ்டர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணுல நான் எப்ப இருந்தேன்? எனக்குச் சொல்லவே இல்லையே," என்றார் மாஸ்டர்.

"இது பெரும்பாலும் சத்தமில்லாம வர்ற நோய் சார். நிறையப் பேர் நேரா இங்கதான் வர்றாங்க. குணப்படுத்த முடியாது. ஆனா மருந்து கட்டுப்படுத்தும், வலியையும் குறைக்கலாம். இந்த மருந்தைத் தாங்கக்கூடியவங்கள்ல பாதிப் பேர் பத்துப் பதினோரு மாசத்தைத் தாண்டறாங்க. பாதிப் பேர் தாண்டறதில்ல. நீங்க எந்தப் பாதின்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்."

"நெட்ல ஒருத்தர் பத்து வருஷமா..." என்று ஆரம்பித்தார் மச்சான்.

"நீ சும்மா இருடா," என்றார் அக்கா.

மாஸ்டர் டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினார். லைசென்ஸ் அலுவலகத்தில் ஏன் ஃபெயில் என்று எந்த அதிகாரியும் சொன்னதில்லை. இந்தப் பெண் பரீட்சைக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்கிறாள்.

"இந்த நாள்கள்ல உங்களுக்கு எது முக்கியம் சார்?" என்று டாக்டர் கேட்டார்.

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. மனைவியின் பக்கம் கை காட்டினார்.

"இவ லைசென்ஸ் எடுக்கணும் டாக்டர். எனக்கப்புறம் எங்க போறதுக்கும் இந்த மச்சானைக் கெஞ்சிட்டு நிக்கக் கூடாது."

மாஸ்டரம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் நிபந்தனை போட்டார்: "வண்டிக்குள்ள நான் உங்க பொண்டாட்டி இல்ல. மேடம். மேடம்னா மேடம்தான்."

"சரிங்க மேடம்," என்றார் மாஸ்டர்.

பாடங்கள் தொடங்கின. மருந்து ஏற்றிய வாரம் படுக்கை, அடுத்த வாரம் கார். ஒவ்வொரு வேளைச் சோற்றோடும், கணையம் விட்டுப்போன வேலையைச் செய்ய, செரிமான மாத்திரை. சோறு செரித்ததால் குரலும் திரும்பியது.

"கிளட்சை மெதுவா விடுங்க மேடம். அது உங்க தம்பி இல்ல, எட்டி உதைக்கறதுக்கு."

"என் தம்பியைப் பத்தி பாடத்துல வருதா சார்?"

"வராது மேடம். மன்னிக்கணும்."

இரண்டு பேரும் வாழ்நாளில் போட்டிராத சண்டையெல்லாம் வாங்க போங்கவிலேயே போட்டார்கள். வாசலில் இறங்கியதும் மரியாதை முடிந்துவிடும். "மாத்திரை போட்டீங்களா இல்லையா? மனுஷனா நீங்க?" என்று அந்தம்மா ஆரம்பித்துவிடுவார்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. கார் வெண்ணெயில் கத்தி இறங்கினாற்போல் நின்றது.

"பார்த்தீங்களா மேடம்? நான் மட்டும் அழுத்தலேன்னா இந்நேரம்..."

"குனிஞ்சு பாருங்க சார்."

பார்த்தார். அவருடைய வலது கால் பிரேக்கின் மேலேயே இல்லை. பக்கத்தில், தரை விரிப்பின் மேல், யாருடையதோ போலக் கிடந்தது. மருந்து பாதத்தை மரத்துப்போகச் செய்யலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அழுத்தியதாக அவர் நினைத்ததெல்லாம் நினைப்புதான்.

"எவ்வளவு நாளா?"

"போன மருந்துக்கப்புறம். நீங்க வண்டியை நிறுத்தறதே இல்ல. நான்தான் நிறுத்தறேன்."

"ஏன் சொல்லல?"

"ஒவ்வொரு தடவையும் அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. எப்படிச் சொல்றது?"

மாஸ்டர் குனிந்து, மரத்த காலைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு, "ரொம்ப நன்றிங்க மேடம்," என்றார். அந்த 'ங்க' பாடத்தில் சேர்ந்ததல்ல என்று மேடத்துக்குத் தெரியும்.

இருந்தாலும் சட்டம் சட்டம்தான். மறுநாளிலிருந்து பழைய சிஷ்யர் ஒருவர் பிரேக் பக்கம் உட்கார்ந்தார். மாஸ்டர் பின் சீட்டிலிருந்து இரண்டு பேருக்கும் பாடம் நடத்தினார். "மரத்துப்போனா உடனே சொல்லச் சொன்னேனே?" என்று டாக்டர் கடிந்துகொண்டு மருந்தளவைக் குறைத்தார். "எனக்கே கால் சொல்லல டாக்டர்," என்றார் மாஸ்டர்.

தேர்வு நாள். அதிகாரி மாஸ்டரின் பரம வைரி. இரக்கம் என்ற சொல்லையே அறியாதவர் என்று பெயர். அன்றைக்குப் பார்த்து அவருக்கு அது பிறந்துவிட்டது. மெலிந்த மாஸ்டரைப் பார்த்து, "அம்மா, நீங்க ஒரு சுத்து சுத்திட்டு வந்தா போதும்," என்றார்.

"இரக்கத்தை வேற யாருக்காவது வெச்சுக்கோங்க சார். எனக்கு மார்க் போடுங்க," என்றார் மாஸ்டரம்மா. முழுத் தேர்வும் கொடுத்தார். பின்னால் எடுத்து நிறுத்துகையில் கம்பத்தைச் சாய்த்தார். ஃபெயில்.

அடுத்த தேதி சில வாரங்கள் தள்ளி. மச்சான் மாதங்களை விரல்விட்டு எண்ணத் தொடங்க, அக்கா பார்த்த பார்வையில் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. மாஸ்டருக்கோ பரம திருப்தி. "தங்கமான ஆபீசர். கம்பம் விழுந்தா விழுந்ததுதான்," என்று மூன்று தெருவுக்குக் கேட்கச் சொன்னார்.

இடையில் ஒரு ஸ்கேன். கல்லீரலில் இருந்தது கொஞ்சம் சுருங்கியிருந்தது. "நல்ல சேதி. ஆனா ஸ்டேஜ் நாலுதான் சார், அது மாறாது," என்றார் டாக்டர்.

"பரவாயில்ல டாக்டர். எங்க வீட்டுல இன்னொருத்தரும் ஃபெயிலாகி அதே கிளாஸ்லதான் உட்கார்ந்திருக்காங்க," என்றார் மாஸ்டர்.

இரண்டாம் தேர்வில் கம்பம் அசையவில்லை. அதிகாரி ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

போன வாரம் மாஸ்டரம்மா தாமே ஓட்டிக்கொண்டு மாஸ்டரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மாஸ்டர் பக்கத்து சீட்டில், பழைய இடத்தில். மேம்பாலம் ஏறும்வரை "இண்டிகேட்டர் மேடம்" என்று ஒரு குரல் வந்தது. இறங்கும்போது வரவில்லை. மாஸ்டரம்மா திரும்பிப் பார்த்தார். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது, லேசாகத் திறந்த வாயிலிருந்து குறட்டை வந்தது. வலது கால் மடக்கி, சீட்டுக்கு அடியில் நிம்மதியாகக் கிடந்தது.

பாலத்தடி சிக்னலில் பச்சை விழுந்தும் மாஸ்டரம்மா வண்டியை உலுக்காமல் மெதுவாகத்தான் நகர்த்தினார். பக்கத்துக் கார் ஹாரனை அலறவிட்டது. அவர் கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, கொஞ்சம் மெதுவா. உள்ள மாஸ்டர் தூங்கறார்."

பக்கத்துக் காரில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். சந்தேகமில்லை, பழைய மாணவர்தான். வாய் பிளந்தது.

"மாஸ்டரா? தூங்கறாரா? வண்டியிலயா?"

"ஆமா. நான்தானே ஓட்டறேன்," என்றார் மாஸ்டரம்மா.