பச்சைக்கு ஓர் எண்

கணினிக்கு வயலைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது என் உத்தியோகம். டிரோன் எடுத்துவரும் படங்களில் எது பயிர், எது தண்ணீர் என்று மென்பொருள் பிரிக்கும். அதற்கு முன் ஒரு கோப்பில் விவரம் எழுதிவைக்க வேண்டும்: எவ்வளவு பச்சை இருந்தால் பயிர், எவ்வளவு சிறிய புள்ளியைக் குப்பை என்று தள்ளலாம். வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி பிசகினாலும் அது முரண்டுபிடிக்கும். விவசாயக் குடும்பத்தில் பிறந்து நான் வரிசை தப்பாமல் நட்டவை அந்த இடைவெளிகள் மட்டுமே.

அந்த வருஷ மழையில் கீழ்வேளூர்ப் பக்கம் சம்பா மூழ்கியது. அக்காள் கணவரின் கோயில் குத்தகை நிலமும்தான். அவருடைய அப்பா கொடிபிடித்து, அடிவாங்கிக் காப்பாற்றிய குத்தகை. முந்தின வருஷமும் கோயிலுக்குக் குத்தகை நெல் அளக்க முடியாமல் போனவர் அத்தான். பயிர் அழிந்தது என்று டிரோன் படம் சொன்னால் குத்தகையில் தள்ளுபடி கிடைக்கும். இல்லையென்றால் நிலத்தை விடவேண்டியதுதான்.

டிரோன் வருவதற்குள் அத்தான், பிழைத்துக் கிடந்த நெற்பயிர்க் குத்துகளைத் தூர் தூராகப் பிரித்து, அழுகிய இடங்களிலெல்லாம் நட்டுவிட்டார்.

“படம் எடுக்க வர்றாங்கன்னு சொன்னேன்ல அத்தான்?”

“அதுக்காக? வயலு சொட்டையாக் கெடந்தா ரோட்டுல போறவன் என்னய என்னன்னு நெனப்பான்? ஒன் டிரோனும் வந்துச்சு மாப்ள. நீதான் பாக்குறியோன்னு கையக்கூட ஆட்டினேன்.”

பயிர் உண்டு என்றது மென்பொருள். அடுத்த மழையில் நட்டது அத்தனையும் அழுகியது. மறுபடி படம் எடுக்க விதியில்லை.

அக்கா போனில் கேட்டாள். “அந்தப் பச்சை நம்பரக் கொஞ்சம் ஏத்திவிடக் கூடாதாடா? நீதானே எழுதுற?”

“டைப் பண்றது மட்டுந்தான்க்கா நான். நம்பர் கமிட்டி போட்டது. ஏத்தினா குத்தாலம் வரைக்கும் நிக்கிற பயிரெல்லாம் செத்ததா ஆயிடும்.”

“ஆமா, நீ ஊருக்கெல்லாம் நியாயம் பாரு.” வைத்துவிட்டாள்.

மனுக் கொடுத்தோம். அதிகாரி திரையை எங்கள் பக்கம் திருப்பினார். “நீங்களே பாருங்க, பச்சப்பசேல்னு இருக்கு. எவ்வளவு தெளிவா இருக்கு!” என் வேலைக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அது.

தை பிறந்ததும் குத்தகையை விட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். பனியன் கம்பெனியில் அத்தானுக்கு வாட்ச்மேன் வேலை. அக்கா அந்தப் படத்தைக் கேட்டிருந்தாள்; புறப்படும் அன்று அச்செடுத்துக் கொண்டுபோனேன். வரப்பு வரப்பாக விரலால் தடவிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். வெள்ளையாக ஒரு புள்ளி.

“இதென்னடா, அழுக்கா?”

குப்பை என்று மென்பொருள் தள்ளிவிட்ட அளவுதான் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

“இல்லக்கா. அத்தானோட தலைத்துண்டு.”

அத்தான் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“கை தெரியுதா மாப்ள?”

தெரியவில்லை. தெரியுது என்றேன்.