பேத்தியின் பட்டமளிப்புக்குக் கிளம்பி எளாவூரில் நெல் அறுத்தது

இந்தப் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போய் வந்தேன். காரணம், பேத்தி பவித்ராவின் பட்டமளிப்பு விழா. பட்டம் என்றதும் காலேஜ் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சையே மார்ச் மாதம்தான். அதற்குள் கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி எல்லாம் மாட்டி, மைதானத்தில் மேடை போட்டுப் பட்டம் கொடுத்துவிடுகிறார்கள். சாப்பிட உட்காரும் முன்னாலேயே ஏப்பம் விடச் சொல்கிறார்களா என்று மகள் லதாவிடம் கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

மறுபடி அவளே கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். "நைனா, வா. ஆனா அந்த விசிலை மட்டும் எடுத்துக்கினு வராத." நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவன். எட்டாவதில் பாதியில் நின்ற எனக்குச் சோறு போட்டது அந்த விசில்தான். சட்டைப்பையில் அது இல்லாவிட்டால் சட்டை போட்ட மாதிரியே இருக்காது. எடுத்து வரமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பேத்தி பெயரைக் கூப்பிடும்போது ஒன்று ஊதுவதாகத்தான் திட்டம்.

வழி சொல்லிவிடுகிறேன். திருவள்ளூரில் காலை எட்டே முக்கால் வண்டி. கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒரே டிக்கெட்டாகக் கேளுங்கள், பதினைந்து ரூபாய். சென்ட்ரல் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை, பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறலாம். அங்கே நான் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். உட்கார இடம் உண்டு, நிழல் கிடையாது. கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறியதும் வலது பக்கம் உட்காராதீர்கள், மீஞ்சூர் வரைக்கும் வெயில் மூஞ்சியிலேயே அடிக்கும். பொன்னேரி தாண்டினால் இரண்டு பக்கமும் நெல். அறுப்புக் காலம். வயலுக்கு வயல் மெஷின் நின்றுகொண்டிருந்தது. அப்போது அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மகள் வீட்டில் இருந்தேன். பேத்தி அங்கியைப் போட்டுக் காட்டினாள். "கேஸ் எவ்வளவு நாளா நடக்குதுங்க வக்கீலம்மா?" என்று கேட்டேன். "தாத்தா, உன்மேலதான் கேஸு" என்றாள். என் பேத்தி ஆயிற்றே.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பிள்ளை அங்கியோடு மேடை ஏறும், தொப்பி இருக்காது. அம்மாவும் அப்பாவும் கூடவே ஏற வேண்டும். அப்பாதான் தன் கையால் தொப்பியை வைத்துவிட வேண்டும். அப்பா வராத பிள்ளைக்கு டிரில் மாஸ்டர் வைத்துவிடுவார். விழா நாலரைக்கு. என் மாப்பிள்ளை குமரேசன் சிப்காட்டில் ஒரு இரும்பு உருட்டு ஆலையில் வேலை. அவருக்குக் காலை ஷிப்ட், இரண்டு மணிக்கு முடியும். வந்து குளித்து, இஸ்திரி போட்டு வைத்திருக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. எல்கேஜியிலிருந்து அந்தப் பிள்ளையின் ஒரு விழாவுக்கும் மாப்பிள்ளை போனதில்லை. ஆண்டு விழா என்றால் மதிய ஷிப்ட், விளையாட்டு விழா என்றால் ராத்திரி ஷிப்ட் என்று விழுந்துவிடும். இது கடைசி விழா.

இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. லதாவின் போன் அடித்தது. ஆலைக்குள்ளிருந்து குமரேசன். ரிலீவர் வரவில்லை.

ஆலைப் பக்கம் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலை முன்னால் நிற்கிற ஆள், தன் இடத்துக்கு அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நின்றால்தான் நகர முடியும். அந்த அடுத்த ஆள்தான் ரிலீவர். அவர் வராவிட்டால் இவர் அப்படியே அடுத்த ஷிப்டையும் பார்க்க வேண்டும், ராத்திரி பத்து மணி வரைக்கும். மாப்பிள்ளையின் ஷிப்டில் இருந்த மற்றவர்களுக்கெல்லாம் ரிலீவர் வந்து, அவர்கள் போய்விட்டார்கள். இவருக்கு வரவேண்டிய நாகய்யாவை மட்டும் காணோம். போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது.

லதா அழவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் முதலில் திட்டுவார்கள். ஆலையை, நாகய்யாவை, பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று என்னையும் திட்டினாள். பவித்ரா கண்ணாடி முன்னால் கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தலை பின்னிக்கொண்டிருந்தாள். "பரவால்லமா, டிரில் மாஸ்டர் வெப்பாரு" என்றாள். சொன்னவள் திரும்பவில்லை. பின்னிய பின்னலையே அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தேன். நாகய்யா வீடு எங்கே என்று கேட்டேன். எளாவூர், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் என்றாள் லதா. கையைக் கழுவினேன்.

எளாவூர் ஆந்திரா எல்லைப் பக்கம், கும்மிடிப்பூண்டியிலிருந்து ஏழு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் ஐந்து ரூபாய்தான், ஆனால் அது ஆள் நிரம்பினால்தான் நகரும். தனி ஆட்டோ போக வர நூற்றைம்பது கேட்டார்கள், நூற்றிருபதுக்கு முடித்தேன். டிரைவர் பெயர் காதர், பழவேற்காட்டுக்காரர். "இன்னா பெர்சு, பொண்ணு பாக்கப் போறியா, வெள்ளையும் சொள்ளையுமா கீற" என்றார். எனக்கு ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது, ஒரு ஆம்பளையைப் பார்த்து அழைத்து வரத்தான் போகிறேன் என்று விவரத்தைச் சொன்னேன். பிறகு அவர் பேசவில்லை. ஓட்டிய வேகத்தில் நானும் பேசவில்லை.

செக்போஸ்ட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே லாரி வரிசை. காதர் பக்கத்து மண் தடத்தில் இறக்கி ஓட்டினார். ரயில்வே கேட்டில் மாட்டினோம். கூட்ஸ் ஒன்று மெதுவாக நகர்ந்து போனது. போன பிறகும் கேட் திறக்கவில்லை, எதிரே இன்னொன்று வருகிறதாம். மணி மூன்றே கால். நான் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, குனிந்து தாண்டிவிட்டேன். கேட்காரர் நல்ல வார்த்தையாகவே நாலு சொன்னார். நீங்கள் யாரும் அப்படித் தாண்டாதீர்கள், அவர் சொன்னதில் தப்பே இல்லை.

நாகய்யா வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா வயலைக் காட்டினார்கள். போனால், வரப்பின் மேல் தலையில் துண்டோடு நாகய்யா நிற்கிறார். வயலுக்குள் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. பொன்னேரி தாண்டும்போது பார்த்தேனே, அதே ஜாதி.

நான் யார் என்று சொன்னதும் அவருக்கு முகமே செத்துவிட்டது. மெஷினுக்கு நாலு நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாராம். இன்றைக்குக் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றுவிட்டது. விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும், நெல் முற்றிக் கொட்டுகிறது. மகள் பிரசவத்துக்காக மனைவி சூளூர்ப்பேட்டை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். போனில் சார்ஜ் இல்லை. லீவு சொல்லச் சொல்லி ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார், அந்தப் புண்ணியவான் சொல்லவில்லை.

"நான் இன்னா பண்றது மாமா, ஆளில்லாம வயலை உட்டுட்டு எப்டி வர்றது?" என்றார்.

சண்டை போடுவதற்காக வழி நெடுக நல்ல நல்ல வசனமாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று. அந்த ஆள் சொன்னதில் பொய் இல்லை. மெஷின் ஒரு சுற்றுப் போய்த் திரும்புகிற வரைக்கும் யோசித்தேன். விழாவுக்கு நான் போக முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் தொப்பி வைக்க வேண்டிய கை என் கை இல்லையே.

"நாகய்யா, உன் எடத்துல நான் நிக்கறேன். நீ போயி மாப்ள எடத்துல நில்லு. மாப்ள அவரு எடத்துல போயி நிக்கட்டும்" என்றேன்.

அவர் என் வேட்டியைப் பார்த்தார். "உனக்கு நெல்லு தெரியுமா மாமா?"

"சோத்துல பாத்துகீறேன்."

சிரித்துவிட்டார். வரப்பிலேயே எனக்குப் பாடம் நடந்தது. மேற்கு மூலையில் சேறு, அங்கே மெஷினை விடக்கூடாது, சிக்கிக்கொள்ளும். தெற்கு வரப்பு தாழ்வு, அதைத் தாண்டினால் பங்காளி வயல், ஒரு தாள் அறுந்தாலும் பஞ்சாயத்து. நெல்லைக் கொட்டும்போது தார்ப்பாயை விட்டு வெளியே போகக்கூடாது, ஆடு வரும். அதற்குள் கேட் திறந்து காதரின் ஆட்டோ வந்து சேர்ந்தது. "நான் ஆலை கேட்டாண்ட எறக்கிட்டுத்தான் மறுவேலை பாப்பேன், நீ கவலைப்படாத" என்றார் காதர். நூற்றிருபதை முழுதாகக் கொடுத்தேன். மணி மூன்றே முக்கால்.

மெஷின் டிரைவர் ஆத்தூர்க்காரர். நான் கத்தியது எதுவும் அவர் காதில் விழவில்லை. நாகய்யா போன பிறகு வந்த முதல் சுற்றிலேயே தெற்கு வரப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் விசிலை எடுத்து நீளமாக ஒன்று கொடுத்தேன். மெஷின் நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "ஏனுங்க பெரியவரே, இதென்ன டவுன் பஸ்ஸுங்களா?" என்றார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம் என்று பேசி வைத்துக்கொண்டோம். பிறகு பங்காளி வயலில் ஒரு தாள்கூடச் சாயவில்லை. சேற்று மூலையில் நின்று, திரும்பி, அருமையாக ஓட்டினார். ஒரு தடவை தார்ப்பாய் பக்கம் வந்த ஆட்டுக்கும் ஒரு விசில் கொடுத்தேன். ஆடும் நின்றது.

ஆனால் கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் இருந்தேன். நாலரை. நாலே முக்கால். போன் வரவில்லை. காதர் போய்ச் சேர்ந்தாரா, கேட்டில் மறுபடி மாட்டினாரா, சூப்பர்வைசர் விட்டாரா, ஒன்றும் தெரியாது. வைக்கோல் சுணை கழுத்தில் இறங்கி அரிப்பு உயிர் போயிற்று. இங்கிலீஷ் எழுத்து வரிசையில்தான் கூப்பிடுவார்களாம், பவித்ராவுக்கு முன்னால் பாதி வகுப்பு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தரை மணி சுமாருக்குப் போன் நடுங்கியது. லதாவின் நம்பர். காதில் வைத்தால் மெஷின் சத்தம்தான் கேட்கிறது. ஒரு விசில். மெஷின் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக் காட்டினேன், இன்ஜினையே அணைத்துவிட்டார்.

லதா பேசவில்லை. போனைப் போட்டுக் கையில் பிடித்து, முந்தானையால் மூடிக்கொண்டு மேடை ஏறியிருக்கிறாள். துணி உரசுகிற சத்தம். மைதானத்துக் காற்று மைக்கில் மோதுகிற சத்தம். யாரோ ஒருவர் இங்கிலீஷில் பவித்ரா குமரேசன் என்கிறார். கைத்தட்டல். எனக்கு இன்னமும் தெரியவில்லை. டிரில் மாஸ்டரா, யார் என்று. அப்புறம் ஒரு குரல், பக்கத்தில், கரகரவென்று.

"குனி கண்ணு."

மாப்பிள்ளையின் குரல்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. போனை வாயருகே வைத்து விசிலில் இரண்டு கொடுத்தேன், நீட்டி. போகலாம் என்று நினைத்த ஆத்தூர்க்காரர் இன்ஜினைப் போட்டு நகர்ந்துவிட்டார். மேடையில் மகளின் முந்தானைக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்து, மைக்கில் ஏறி, மைதானம் பூராவும் கேட்டதாம். தலைமை விருந்தினர் பஸ்ஸைத் தேடினாராம். இதெல்லாம் பிறகு லதா போனில் திட்டும்போது தெரிந்துகொண்டது.

ஆறே காலுக்கு அறுப்பு முடிந்தது. மெஷின் போய்விட்டது. நெல் தார்ப்பாயில் கிடந்தது, நாகய்யா வருவது பத்து மணிக்கு மேல். விட்டுவிட்டு எப்படிப் போவது? உட்கார்ந்திருந்தேன். இருட்டுகிற நேரத்தில் வரப்பில் ஒரு பைக் வந்து நின்றது. குமரேசன். ஆலையின் நீலச் சட்டை, இரும்பு மூக்குப் பூட்ஸ், அப்படியே. குளிக்கக்கூட நேரம் இல்லாமல் அந்தக் கோலத்திலேயே மேடை ஏறியிருக்கிறார். பின்னால் உட்கார்ந்து வந்தவள் இறங்கினாள். அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், தொப்பி மட்டும் தலையில் இருந்தது. அதைப் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுகிறதாம்.

மாப்பிள்ளை என்னிடம் அதிகம் பேசாத மனிதர். தார்ப்பாயைப் பார்த்தார், என் வேட்டியைப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "ரிலீவர் வந்துட்டேன் மாமா. நீங்க கெளம்புங்க" என்றார்.

நான் கிளம்பவில்லை. நாகய்யா வரும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தோம். ஆலையில் போனுக்குச் சார்ஜ் போட்டு மாப்பிள்ளையிடம் பேசிவிட்டு வந்தவர், மூன்று டீயும் ஒரு செய்தியும் கொண்டுவந்தார். சூளூர்ப்பேட்டையில் பெண் குழந்தை. பதினேழு வருஷம் கழித்து அதன் விழாவுக்கு நான்தான் ரிலீவர் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பிள்ளையின் பள்ளிக்கூட விழாவுக்குக் கும்மிடிப்பூண்டி போகிறவர்கள் முந்தின வண்டியிலேயே போய்விடுங்கள். வீட்டில் ஷிப்ட் வேலைக்காரர் இருந்தால் ஒரு ரிலீவரிடம் சொன்னால் போதாது, இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள், முந்தின நாள் ராத்திரி நேரிலேயே போய்ச் சொல்லுங்கள். எளாவூர்ப் பக்கம் போவதானால் செக்போஸ்ட்டுக்கும் ரயில்வே கேட்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அறுப்புக் காலத்தில் வெள்ளை வேட்டி வேண்டாம், எனக்கு மூன்று நாள் அரித்தது. திரும்ப வர ராத்திரி வண்டி உண்டு, ஆனால் பேசின் பிரிட்ஜில் இணைப்பு கிடைக்காது. நான் மகள் வீட்டில் தங்கி மறுநாள் காலை கிளம்பினேன்.

போன வாரம் லதா விழா போட்டோவைத் தபாலில் அனுப்பியிருந்தாள். நீலச் சட்டையில் குமரேசன் தொப்பியை வைத்துக்கொண்டிருக்கிறார். பவித்ரா குனிந்தபடி சிரிக்கிறாள். லதா வாயைப் பிளந்து தன் முந்தானையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு தூரம் போனாயே, போட்டோவில் நீ எங்கே என்று தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். முந்தானையைக் காட்டுகிறேன்.